பதினைந்து கிராம் விலக்கு

கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர் கேஎல் சென்ட்ரலில் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஷா ஆலத்தில் ஏறுகிறவருக்குக் கொஞ்சம் குறைவு. இது வண்டி ஓடும் கணக்கு மட்டும்தான். நடைமேடையில் நிற்கும் நேரம் இதில் சேராது. கொம்யூட்டரை நம்பி யாருக்கும் நேரம் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தடத்தில் போய் வருகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனை நேரமும் பெட்டிக்குள் எதுவும் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். புகைக்காதே, குப்பை போடாதே என்று சொல்லும் படங்களின் வரிசையில், குறுக்கே சிவப்புக் கோடு விழுந்த உணவும் குவளையும் இருக்கும்.

விதியோடு எனக்குச் சண்டை இல்லை. குளிரூட்டி ஓடும் மூடிய பெட்டியில் ஒருவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் சம்பல் வாசம் கடைசி இருக்கைவரை போகும். சிந்திய தே தாரிக்கில் வழுக்கி விழுவது அடுத்து ஏறுகிற பாட்டியாக இருக்கலாம். சோற்றுப் பருக்கை விழுந்த இடத்துக்குக் கரப்பான் வரும், எலி வரும். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் வண்டி சுத்தமாக இருப்பதற்கு இந்தத் தடை ஒரு முக்கியக் காரணம். அது இருக்கட்டும். அந்தப் படத்தின் கீழே இல்லாமல் போன ஒரு வரியை, நீரிழிவு நோயாளிக்கான விலக்கைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

நம் மக்களிடம் பேசும்போது நீரிழிவு என்பதைவிட இனிப்பு நீர் என்றால்தான் சட்டென்று புரியும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோய்ப் பரவல் ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஆள் கணக்கில் ஏறத்தாழ 39 லட்சம். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது 15.6 விழுக்காடாகக் குறைந்தது. அப்போதும் ஆறு பேரில் ஒருவர். இனவாரியாகப் பிரித்துப் பார்த்தால் மேல் வரிசையில் நாம்தான் நிற்கிறோம். 2019இல் இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. காலை ஏழு மணிக்கு கிள்ளானிலிருந்து கிளம்பும் பெட்டியில் பத்து நடுவயதுத் தமிழர்கள் நின்றால், அவர்களில் மூவருக்கு இந்த நோய் இருக்கும் என்று எதிர்பார்ப்பது மிகையல்ல.

இதற்கு மரபும் காரணம், வாழ்க்கை மாறிய விதமும் காரணம். இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்ற தோட்டப் பகுதி. 1978இல் அது சிலாங்கூரின் தலைநகரானது. விடியுமுன் எழுந்து மரம் மரமாய் நடந்து ரப்பர் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிடங்கிலும் பாதுகாவலர் சாவடியிலும் அலுவலக நாற்காலியிலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். நடை போய்விட்டது. டின் பால் ஊற்றிய தேநீர் மட்டும் அப்படியே கூட வந்தது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். இங்கேதான் பொதுமக்கள் மட்டுமல்ல, நோயாளியின் வீட்டாரே தடுமாறுகிறார்கள். இனிப்பு நீர்க்காரருக்குச் சர்க்கரை விஷம் என்றுதான் எல்லாரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அப்படிப்பட்டவர் ரயிலில் அவசரமாகச் சர்க்கரை சாப்பிட வேண்டும் என்றால் காதில் விழுகிறவருக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் சர்க்கரையைத் திடீரென்று பள்ளத்தில் தள்ளுவது நோயைவிட மருந்துதான். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது. ஆகவே இனிப்பு நீர் உள்ள எல்லாருக்கும் விலக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊசியும் அந்த மாத்திரைகளும் நம் அரசாங்கக் கிளினிக்குகளில் வழக்கமாகக் கொடுக்கப்படுபவை என்பதால் எண்ணிக்கை சிறியதும் அல்ல.

இரத்தத்தில் சர்க்கரை 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதைத் தாழ்வு என்கிறார்கள். தமிழ்நாட்டில் பயன்படும் கணக்கில் அது 70 மில்லிகிராம். 3.0க்குக் கீழே போனால் நிலைமை கடுமை. முதலில் உடல் தானாகவே அலாரம் அடிக்கும்: கை நடுங்கும், குளிரூட்டிக் காற்றிலும் சட்டை நனையும், நெஞ்சு படபடக்கும், இன்னதென்று சொல்ல முடியாத பசி எடுக்கும். அப்போது கவனிக்காவிட்டால் அடுத்து மூளை மாட்டும். உடல் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. தனக்கென்று சேமிப்பு எதுவும் கிட்டத்தட்ட வைத்துக்கொள்வதில்லை. வரத்து குறைந்தால் பேச்சு குழறும், கண் மங்கும், கோபம் வரும், எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதே மறந்துபோகும். பக்கத்தில் நிற்பவர் பார்வைக்குக் குடித்துவிட்டு நிற்கும் ஆள். அதற்கும் பிறகு வலிப்பு, மயக்கம்.

சிலருக்கு அந்த முதல் அலாரமே அடிக்காது. பல ஆண்டு இன்சுலின் போட்டுப் பலமுறை தாழ்வைச் சந்தித்த உடல், நடுங்குவதை மறந்துவிடும். இரத்தக் கொதிப்புக்காகவும் இதயத்துக்காகவும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும். சிறுநீரகம் பழுதான வயோதிகருக்கு மருந்து உடலில் அதிக நேரம் தங்குவதால், ஒருமுறை ஏற்றிய சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு மூன்றும் ஒரே மருந்துப் பையில் இருப்பது நம் வீடுகளில் புதிதல்ல.

மருத்துவம் மட்டும் எளிது. 15 கிராம் வேகமான சர்க்கரை. 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை. ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். மூன்று தேக்கரண்டிச் சீனி, அரைக் குவளைப் பழச்சாறு, நான்கு குளுக்கோஸ் மாத்திரை என்று எது கையில் இருக்கிறதோ அது. வாய்க்குள் போட ஒரு நிமிடம் ஆகாது. சாக்லேட் சரிப்படாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

இதில் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2019 ஜூலையிலிருந்து மலேசியாவில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு வரி உண்டு. வரிக்குப் பயந்து சர்க்கரையைக் குறைத்த பானங்கள் வந்தன. நாட்டின் உடல்நலத்துக்கு நல்லது. தாழ்வில் தவிக்கிறவருக்கோ பழைய பொட்டலத்தில் பாதி போதும் என்ற கணக்கு இனிச் செல்லாது. 250 மில்லி முழுவதும் குடித்தாலும் 12 கிராம்தான் தேறும். பிரிட்டனில் 2017இல் லூக்கோசேடு பானத்தின் சர்க்கரையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தபோது, அதையே அவசர மருந்தாக நம்பியிருந்த நோயாளிகளை அங்குள்ள நீரிழிவு அமைப்புகள் எச்சரிக்க வேண்டிவந்தது. பையில் வைத்திருக்கும் பானத்தின் மேலட்டையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

உணவுத் தடை உண்மையில் எந்த இடத்தில் இவர்களைத் தாக்குகிறது? அபராதத்தைவிட அச்சத்தில்தான் என்பது என் எண்ணம். தாழ்வு வந்தவரைக் காவலர் தூக்கிக்கொண்டு போவது அரிதாகவே நடக்கும். ஆனால் நம் அம்மாக்களையும் மாமாக்களையும் யோசித்துப் பாருங்கள். பலகையில் கூடாது என்று போட்டிருந்தால் கூடாதுதான். நாலு பேர் பார்ப்பார்கள், யாராவது கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், பெட்டியில் நோன்பிருப்பவர் இருக்கலாம் என்று எண்ணி, பையில் இருக்கும் குளுக்கோஸ் மாவுப் பொட்டலத்தைத் தொடாமல் அடுத்த நிலையம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் சர்க்கரை இன்னும் இறங்கும். விளக்கம் சொல்லி வாதாட வேண்டிய கட்டாயம், வாதாடும் மூளை அணைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வந்து சேர்கிறது. வாய் குழறுகிறவரிடம், நீங்கள் நோயாளி என்பதற்கு என்ன சான்று என்று கேட்பதைவிடக் கொடுமை உண்டா? அதனால்தான் இந்த விலக்கு ஊழியரின் இரக்கத்தை நம்பி இருக்கக் கூடாது. முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த நிலையத்தில் இறங்கிச் சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். யோசனை ஆபத்தானது. எம்.ஆர்.டி. நிலையங்களில் தண்டவாளத்தை மறைக்கும் கதவுகள் உண்டு. கொம்யூட்டர் நடைமேடைகளில் கிடையாது. கால் தள்ளாடும் ஒருவரிடம், நெரிசலில் பெட்டியிலிருந்து இறங்கி, நடைமேடை விளிம்பில் நடந்து, மின்படி ஏறி, அட்டையைத் தட்டி வெளியே போய்ச் சாப்பிடு என்று சொல்வதை எந்த மருத்துவரும் ஏற்க மாட்டார். உட்கார்ந்த இடத்திலேயே சர்க்கரையை வாயில் போடுவதுதான் முதலுதவி. அவருக்கு இருக்கையைக் கொடுப்பது இரண்டாவது உதவி.

வண்டி நின்றுபோனால் நிலைமை வேறு. 2022 நவம்பரில் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கோளாறால் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில் 16 நிலையங்கள் சில நாள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் அரை மணிப் பயணம் இரண்டு மணியாக நீளும். வேகமாகவும் மெதுவாகவும் செயல்படும் இரண்டு இன்சுலினைக் கலந்து தரும் ஊசியைக் காலையும் மாலையும் போடுகிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் மருந்தின் ஒரு பகுதி. காலையில் போட்ட ஊசி, வண்டி தாமதம் என்பதற்காகக் காத்திருக்காது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். சர்க்கரை தாழும்போது இனிப்பு வேண்டும். ஏறும்போது தண்ணீர் வேண்டும். அடங்காத தாகம் இந்த நோயின் பழைய அடையாளம். வெயிலில் நடந்து வந்து ஏறியவரிடம் ஒரு மிடறு வெறுந்தண்ணீரையும் தடுப்பதால் பெட்டியின் சுத்தம் எவ்வளவு கூடிவிடும் என்று எனக்குப் புரியவில்லை. மூடி போட்ட போத்தல் தண்ணீரால் கரப்பான் வராது.

இந்தச் சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியது அல்ல. சிங்கப்பூரில் 1987இல் எம்.ஆர்.டி. ஓடத் தொடங்கியதிலிருந்தே இந்தத் தடை இருக்கிறது; உச்ச அபராதம் 500 வெள்ளி, வெறுந்தண்ணீருக்கும் அதே விதி. தைப்பேயில் 1,500 முதல் 7,500 தைவான் டாலர்வரை. துபாய் மெட்ரோவில் 100 திர்ஹாம். பெங்களூரு மெட்ரோவில் 2023இல் ஒருவர் கோபி மஞ்சூரியன் சாப்பிடும் காணொளி பரவி, அவருக்கு 500 ரூபாய் அபராதம் போடப்பட்டது. அந்த வழக்கில் என் ஓட்டு மெட்ரோவுக்குத்தான்.

விதியை எழுத்தெழுத்தாகப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் நகரம் ஒரு பாடம். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் டென்லிடவுன் மெட்ரோ நிலையத்துக்குள் ஒரே ஓர் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்ற 12 வயதுச் சிறுமியைக் காவலர்கள் கைவிலங்கிட்டுக் கூட்டிப்போனார்கள். பெரியவர் என்றால் அபராதச் சீட்டோடு விட்டிருப்பார்கள். சிறார் என்றால் கைது செய்தே ஆக வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. 2004இல் தீர்ப்பு எழுதியவர், பின்னாளில் அமெரிக்காவின் தலைமை நீதிபதியான ஜான் ராபர்ட்ஸ். நடந்ததில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை என்று ஒப்புக்கொண்டே, கைது சட்டத்துக்கு முரணானதல்ல என்று அவர் தீர்த்தார். நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே அந்த நடைமுறையை மெட்ரோ நிர்வாகம் மாற்றிவிட்டிருந்தது. சட்டப்படி சரி, ஆனால் செய்திருக்கக் கூடாது என்பதை நிர்வாகம்தான் உணர்ந்து திருத்த வேண்டும், நீதிமன்றம் திருத்தாது என்பதே இதில் எனக்குப் படும் செய்தி. 2019 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ரயில் நடைமேடையில் சாண்ட்விச் தின்ற ஒருவரைக் கைவிலங்கிட்டபோதும் கடைசியில் மன்னிப்புக் கேட்டது நிர்வாகம்தான்.

பிரிட்டன் வேறு வழியில் யோசித்தது. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டேம் சாலி டேவிஸ், 2019 அக்டோபரில் பதவியிலிருந்து விடைபெறும் வேளையில், குழந்தைகளின் உடற்பருமன் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நகரப் பேருந்துகளிலும் ரயில்களிலும் உண்பதையும் குடிப்பதையும் தடை செய்யலாம் என்பது அதில் ஒரு பரிந்துரை. காரணம் சுத்தமல்ல, ஓயாமல் கொறிக்கும் பழக்கம். எதிர்ப்புக் கிளம்பியது, அரசாங்கம் அதைச் சட்டமாக்கவில்லை. கவனிக்க வேண்டியது அந்தப் பரிந்துரை எழுதப்பட்ட விதம். தண்ணீர், தாய்ப்பால், மருத்துவக் காரணம் ஆகிய மூன்றுக்கும் விலக்கு முதல் வரைவிலேயே இருந்தது. உணவுக்கு எதிராகக் கடுமையாகப் பேசிய மருத்துவரே நோயாளிக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தடையைப் பற்றிப் பேசினார்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விலக்கை எப்படி எழுதுவது என்பதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. ரமலான் மாதத்தில், நோன்பு திறக்கும் நேரத்தில் ரயிலிலும் நிலையத்திலும் தண்ணீர் குடிக்கலாம், பேரீச்சம்பழம் போன்ற சிறு உணவு சாப்பிடலாம் என்று எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயிலை ஓட்டும் ரேபிட் கேஎல் அண்மை ஆண்டுகளில் அறிவித்து வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சூரியன் மறைவது மாலை ஏழேகாலுக்குச் சற்று முன்பின். வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் நேரம். வீடு போய்ச் சேரும்வரை பொறுத்திரு என்று நிர்வாகம் சொல்லவில்லை. தேவை உண்மையானது, நேரம் சிறியது, உணவு சிந்தாதது என்று மூன்றையும் எடைபோட்டு அனுமதித்தது. சிங்கப்பூரிலும் இந்த அனுமதி உண்டு. இதனால் பெட்டிகள் நாறிப்போகவும் இல்லை, நாசி லெமாக்குக்குக் கதவு திறந்துவிடவும் இல்லை.

அந்தப் பேரீச்சம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். சிறு வகையில் ஒரு பழத்தில் ஏறத்தாழ 5 கிராம் மாவுச்சத்து, பெரும்பகுதி சர்க்கரை. மூன்று தின்றால் 15 கிராம். குளுக்கோஸ் மாத்திரை அளவுக்கு வேகம் இல்லை என்றாலும், சர்க்கரைத் தாழ்வுக்கு மருத்துவர் சொல்லும் அளவு இதுதான். நோன்பாளிக்கு அனுமதிக்கப்பட்ட அதே மூன்று பழம், நோயாளிக்கும் எல்லா மாதமும் எல்லா நேரமும் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை.

நோன்பும் இந்த நோயும் ஒரே உடலில் சந்திக்கும் இடமும் உண்டு. இந்தியாவும் மலேசியாவும் உட்பட 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான எபிடியார் ஆய்வு, ரமலான் மாதத்தில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு முதல் வகை நோயாளிகளிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியதாகக் கண்டது. இஸ்லாமிய அறிஞர்கள் நோயாளிக்குச் சலுகை உண்டு என்கிறார்கள். பலர் அதை எடுத்துக்கொள்வதில்லை. நம் பக்கமும் இதே கதைதான். தைப்பூசத்துக்கு விரதமிருந்து, ஒருவேளை மட்டும் உண்டு, ஊசியின் அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறைக்காமல், கூட்டம் பிதுங்கும் கொம்யூட்டரில் பத்துமலைக்குப் புறப்படும் பக்தர்கள் இருக்கிறார்கள். 2010இல் பத்துமலைவரை கொம்யூட்டர் தடம் நீண்டபின் ரயிலில் வருவோர் தொகை பெருகியது. முருகன் யாரையும் மயங்கி விழச் சொல்லவில்லை. விரதத்தைத் தொடங்குமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு நீரிழிவு உள்ளவர்கள் மாற்றுத்திறனாளர் சட்டத்தின் பாதுகாப்புக்குள் எளிதாக வருகிறார்கள். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் இன்சுலின் போடுவோர் பெரும்பாலும் அடங்குவர். மலேசியாவில் அந்த வழி குறுகல். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டத்தில் மீறுகிறவருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. ஓ.கே.யு. என்னும் மாற்றுத்திறனாளர் அட்டைக்கான ஏழு பிரிவுகளில் இனிப்பு நீர் தனிப் பிரிவல்ல. நோயால் காலையோ கண்ணையோ இழந்தபின்தான் அட்டைக்கு வழி பிறக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. உடல்நிலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, நீதிமன்றப் படியேறி இதைச் சாதிப்பது நீண்ட வழி. நிர்வாக அறிவிப்பு ஒன்று போதும். ரமலான் அனுமதியும் அப்படி வந்ததுதான்.

இனி அந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். மருத்துவத் தேவைக்காகச் சிறிதளவு இனிப்பும், மருந்தும், மூடியுள்ள கலத்தில் தண்ணீரும் அனுமதிக்கப்படும். இவ்வளவுதான். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கிலும் வேண்டும். தமிழில் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் விழுக்காட்டில் முன்னே நிற்பவர்கள் நாம். பெரியவர்கள் பலர் தமிழ் மட்டுமே எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள். சான்றிதழ் கேட்கக் கூடாது. கேட்டால் விலக்கு என்பதே பொருளற்றுப்போகும். ஊழியர்களுக்கு அரை மணி நேரப் பயிற்சி போதும்: குடித்ததுபோல் தள்ளாடுகிறவர் குடிகாரர் என்று முடிவு கட்டுமுன் இனிப்பு நீர் உண்டா என்று கேள், விழுங்க முடிந்தால் இனிப்புக் கொடு, மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதே, அவசர உதவியைக் கூப்பிடு.

எல்லாரும் எனக்கும் இனிப்பு நீர் என்று சொல்லிக்கொண்டு தின்னத் தொடங்கிவிடுவார்களே என்பது நியாயமான கவலை. அதற்கு உணவின் அளவே வேலி. நான்கு மாத்திரைக்காகவும் ஒரு பொட்டலம் பழச்சாறுக்காகவும் பொய் சொல்கிறவர் சொல்லிவிட்டுப் போகட்டும். பெட்டிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. ரொட்டி சானாயைப் பிரிப்பவரிடம் மருத்துவக் காரணம் எடுபடாது. பசிக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வரியே காட்டிவிடும். இதில் வேடிக்கை, இதே நிலையங்களின் வாசலிலும் கூடத்திலும் சர்க்கரைப் பானமும் கேக்கும் டோனட்டும் விற்கும் கடைகளுக்கு இடம் வாடகைக்கு விடப்படுகிறது. நோயை வளர்க்கும் இனிப்பைக் கதவுக்கு வெளியே தாராளமாக விற்கலாம், உயிர் காக்கும் 15 கிராம் கதவுக்கு உள்ளே கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

நோயாளியின் பங்கும் இதில் உண்டு, அதை மறைக்க வேண்டாம். வீட்டை விட்டுக் கிளம்புமுன் சர்க்கரையைப் பார்ப்பது, ஊசி போட்டபின் சாப்பிடாமல் ரயில் ஏறாதிருப்பது, இனிப்பைப் பையின் அடியில் புதைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது, கூட வேலை செய்கிற ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வைப்பது எல்லாம் நம் கையில் இருப்பவை. தோலில் ஒட்டும் தொடர் கண்காணிப்புக் கருவி கைப்பேசிக்கு முன்னெச்சரிக்கை அனுப்பும். அதன் விலை மாதச் சம்பளக்காரர் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அது காட்டும் அளவும் இரத்த அளவைவிடச் சில நிமிடம் பின்தங்கியே வரும். கருவி சரியாக இருக்கிறது என்றாலும் உடல் நடுங்கினால் உடலை நம்புங்கள். தாழ்வு தெளிந்தபின் இறங்கி, சோறோ ரொட்டியோ ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும். அன்று வண்டி ஓட்டுவதாக இருந்தால் அளவு 5 மில்லிமோலுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இதைத் தொடங்க வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலம் வழியாகக் கிள்ளானின் ஜொகான் செத்தியாவரை 37 கிலோமீட்டர் நீளும் புதிய எல்.ஆர்.டி. தடம் முழுக்க நம் மக்கள் வாழும் பகுதிகளின் ஊடே போகிறது. அந்தப் பெட்டிகளின் அறிவிப்புப் பலகையில் இந்த வரியைச் சேர்க்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ரேபிட் கேஎல்லின் உரிமையாளரான பிரசரானாவுக்கும் கொம்யூட்டரை ஓட்டும் கேடிஎம்பிக்கும் போக்குவரத்து அமைச்சுக்கும் எழுத வேண்டும். நம் அரசு சாரா இயக்கங்களும் கோவில் நிர்வாகங்களும் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தனித்தனியாக எழுதட்டும். மலாய், சீன நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது, இது ஓர் இனத்தின் வழக்கல்ல. அடுத்த ரமலான் அறிவிப்பு தயாராகும் நேரத்தில் கடிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். அதுவரை, கை நடுங்கினால் பலகையைப் பார்த்துத் தயங்காதீர்கள். இனிப்பை வாயில் போடுங்கள். கேட்பவருக்குப் பதில் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.